அடைப்புக்குறிக்குள் ஒரு கார்

எங்கள் சந்தி வேம்புக்குக் கீழே ஒரு ஹயர் கார் நிற்கும். ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்தது. நாற்பதை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி அது 'ஏ போட்டி' ஆனது. பிறகு 'ஏ'யும் உதிர்ந்து, காருக்கும் கார்க்காரருக்கும் சேர்த்து ஒரே பெயர்: போட்டி. "ஓடிப்போய்ப் போட்டி அண்ணையை மறி, பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும்" என்று அம்மா கலைப்பா. மனிதரோ ஒருவரோடும் போட்டிக்குப் போனவரில்லை. சைக்கிள்காரர் மணியடித்து விலத்திப் போனால், "போங்கோ தம்பி, போங்கோ" என்று கையை வெளியே நீட்டி வழிவிடுவார்.

கணக்கு வாத்தியாரின் பாடு இதைவிட மோசம். மூன்று குறி விபூதி, பொத்தான் பூட்டிய கழுத்து, பெண்பிள்ளைகள் பக்கம் திரும்பாத முகம். அவர் வாங்கியது மொறிஸ் மைனர். தமிழ்ப்படம் பார்த்த பொடியளுக்கு வேறென்ன வேணும்? "மைனர் வாறார்" என்றால் வகுப்பே அடங்கிவிடும், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அந்தக் காரை அதைச் செய்த கம்பனியின் தலைவர் நஃபீல்ட் பிரபுவே, வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கு என்று பழித்தாராம். இதைப் பிறகுதான் வாசித்தேன். அப்போதே தெரியாமல் போனது வாத்தியாரின் நல்ல காலம்.

1990இல் போரோடு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத சாமான் ஆனது. புதுக்கார்கள் கொட்டிலுக்குள் படுக்க, அமுக்கம் குறைந்த பழைய இங்கிலீஷ் எஞ்சின்கள் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு றோட்டுக்கு வந்தன. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. போட்டி அண்ணை பிள்ளையின் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். பொனற்றைத் திறந்து, காபரேற்றருக்குள் துளித்துளியாக விடுவார். நாங்கள் பின்னால் நின்று தள்ளுவோம். "போட்டி பால் குடிக்குது!" என்று ஒருவன் கத்த, கார் இருமி, வெள்ளைப் புகையைக் கக்கி எழும்பும். சட்டையில் ஏறிய அந்த மணத்துக்கு அம்மாவிடம் வாங்கிய பேச்சு தனி.

1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டை நெருங்க, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அடி வைக்க இடமில்லாத சனம். போட்டி அண்ணையின் காருக்குள் இரண்டு கிழவிகளும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும். கூரையில் பாய்களும் அண்டாவும். மண்ணெண்ணெய் முடிந்து, நாவற்குழி வரைக்கும் தள்ளித்தான் போனார்கள். அன்றைக்குத்தான் ஊர் முழுக்க அவருடைய வேகத்தில் போனது.

திரும்பி வந்தபோது அவரிடம் கார் இல்லை. சைக்கிளில் மரக்கறி கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். அப்போதும் போட்டி அண்ணைதான். காரையே காணாத சின்னப் பொடியளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்து மரண அறிவித்தல்களில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயர் போடுவார்கள். இல்லாவிட்டால் செத்தது யாரென்று ஊருக்கு விளங்காது. ஒருநாள் அம்மா பேப்பரை உரத்து வாசித்துக்கொண்டு போனா. ஏதோ ஒரு நீளமான பெயர். "ஆரோ தெரியேல்லை" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினா. எட்டுச் செலவும் முடிந்த பிறகுதான் சந்தியில் யாரோ சொல்லித் தெரிந்தது. அம்மா பழைய பேப்பர்க் கட்டை அவிழ்த்து, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தா. படமும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை.