சாவி இல்லாப் பெட்டகம்

பிழைப்பு நாடித் தஞ்சைத் தரணியை விட்டுச் செகந்திராபாத் வந்து சேர்ந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. இரயில்வே வேலைக்கு வந்த அப்பா தம்முடன் கொணர்ந்தது ஒரு தகர டிரங்குப் பெட்டி. நிலப் பத்திரங்களும், பாட்டி கைப்பட எழுதிய கடிதங்களும் அதனுள் இருந்தன. அதன் சாவி அம்மாவின் இடுப்புக் கொத்தில் தொங்கியதை வீட்டில் அறியாதார் இல்லை.

ஓய்வு பெற்ற பின், கரையானுக்குத் தப்பிய தாள்களையெல்லாம் அப்பா ஸ்கேன் செய்து, உள்ளங்கையளவான வெளி வன்தட்டு ஒன்றில் சேர்த்தார். பிறர் கண்ணில் படலாகாதென்று அக்கோப்புறையை வெராகிரிப்ட் என்னும் மென்பொருளால் பூட்டினார். கடவுச்சொல்லை எங்கேனும் எழுதி வைக்குமாறு வேண்டினோம். "எழுதி வைத்தால் அது பூட்டா?" என்று நகைத்தார். தாள்கள் உதிர்ந்து போயின. பின்னர் அப்பாவும் மறைந்தார்.

குலதெய்வத்தின் பெயர், பிறந்த ஊர், இரயில்வே பணி எண் என எத்தனையோ தட்டிப் பார்த்தோம். பார்க் லேன் கணினிக் கடைகளிலும் கேட்டோம். தட்டு பழுதில்லை, பூட்டைத் திறக்க வழியில்லை என்றனர். இடும் சொல்லை அம்மென்பொருள் 5 இலட்சம் முறை கணக்கிட்டுப் புரட்டிய பின்னரே பூட்டில் பொருத்திப் பார்க்கிறது. ஊகித்துத் திறப்பது திருடனுக்கு அரிது. பெற்ற பிள்ளைகளுக்கும் அவ்வாறே. செய்தவரிடத்தும் மாற்றுச் சாவி கிடையாது.

அமெரிக்காவில் ஸ்டீபன் தாமஸ் என்னும் நிரலாளர், 7,002 பிட்காயின்களுக்குரிய திறவுகோலைக் காத்த கருவியின் கடவுச்சொல்லை மறந்ததை 2021இல் உலகம் வியந்து படித்தது. பத்து முறை பிழைத்தால் அக்கருவி என்றைக்கும் திறவாது. அவர் இழக்க நேர்ந்தது பெருஞ்செல்வம். எங்கள் பத்திரங்களுக்கோ பதிவு அலுவலகத்தில் நகல் கிடைத்தது. பாட்டியின் கையெழுத்துக்கு எந்த அலுவலகத்தில் மனுச் செய்வது?

காப்பது வேறு, கையளிப்பது வேறு. ஊரை விட்டு வந்த நமக்கு ஊரின் நினைவே உடைமை. அதனைப் பூட்டுவோர் சாவிக்கும் ஒரு வாரிசை வைத்தல் வேண்டும். இன்று எங்கள் கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, ஒன்றை வங்கிப் பெட்டகத்திலும் மற்றொன்றைத் தங்கையிடமும் வைத்துள்ளோம். ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று அவை பொருந்துகின்றனவா எனத் திறந்து பார்க்கிறோம்.

அப்பாவின் வன்தட்டும் அன்று ஏடுகளோடு பூசையில் அமரும். இவ்வாண்டும் அதற்கு ஒரு புதிய சொல்லை இட்டுப் பார்த்தோம். திறக்கவில்லை.