அண்ணன் பிரித்த கியர்பாக்ஸ்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. கோவில்பட்டியில் இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடித்து வரவேண்டும். கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல்தான். மழை பெய்தால் எடுத்து வைத்த காலை விடாது. கோடையில் கால் நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். இந்த மண்ணிலிருந்து போன என் அண்ணன் தூத்துக்குடியில் தோணிகளுக்குக் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டுகிறான்.

பாய்மரத் தோணிக்கு என்னத்துக்குக் கியர்பாக்ஸ் என்று அவனிடம் கேட்டேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு வருகிற சந்தேகம். நாவாய், வங்கம், அம்பி, திமில் என்று இலக்கியத்தில் வருகிற கலங்களை எல்லாம் ஒப்பிப்பேன். அறுபது கிலோமீட்டர் தள்ளி, பழைய துறைமுகத்தில் நிற்கிற தோணியில் டீசல் எஞ்சின் ஏறிப் பல வருசமாயிற்று என்பது தெரியாது. முன்பு காற்றை மட்டும் நம்பிக் கொழும்புக்குப் போனவை, இப்போது பாயும் எஞ்சினுமாக மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகின்றன.

போன வருசம், தென்மேற்குக் காற்று வலுத்து தோணிகள் ஓய்ந்து கிடக்கிற மாதத்தில், அண்ணனின் கையாள் பையன் ஊருக்குக் கொடைக்குப் போய்விட்டான். "மூணு நாளைக்கு நீ வாயேன்" என்றான் அண்ணன். போனேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதிலும் பாதி நேரம் தப்பான நம்பரைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

தோணியைக் கரையில் ஏற்றி மரவேலை நடந்துகொண்டிருந்தது. தண்டல் குறையைச் சொன்னார்: "முன்கியர் போட்டா எஞ்சின் கத்துது, தோணி நகர மாட்டேங்குது." கடைசி நடையில் பாய் இருக்கப்போய்த்தான் கரைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அண்ணன் உடனே எதையும் கழற்றவில்லை. டிப் ஸ்டிக்கை உருவி, ஒட்டியிருந்த ஆயிலை இரண்டு விரலால் தேய்த்தான். மோர் மாதிரி வெளுத்திருந்தது. முகர்ந்து பார்த்தான். "தண்ணி ஏறிருக்கு. பிளேட்டும் கருகிருக்கும்" என்றான்.

எஞ்சின் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். தோணி முன்னாலும் போகணும், பின்னாலும் வரணும், சும்மாவும் நிற்கணும். அதைச் செய்வது கியர்பாக்ஸ். இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் நிமிசத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்று சுற்றினால் அதே வேகத்தில் காற்றாடியும் சுற்றக்கூடாது. தண்ணீரைப் பிடித்துத் தள்ளாமல் நுரைதான் கிளப்பும். அதனால் மூன்றில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். உள்ளே உராய்வுத் தகடும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஆயில் அழுத்தம் அவற்றைச் சேர்த்து நெருக்கினால் பிடிப்பு, விட்டால் நியூட்ரல். ஆயிலில் தண்ணீர் கலந்தால் தகடு வழுக்கும். வழுக்கினால் சூடேறிக் கருகும்.

தண்ணீர் எப்படி ஏறியது? ஆயிலைக் குளிர வைக்கிற கூலருக்குள் மெல்லிய செம்புக் குழாய்கள் இருக்கின்றன. கடல் தண்ணீர் ஒரு பக்கம், ஆயில் மறுபக்கம். உப்பு அரித்து ஒரு குழாயில் ஊசிமுனை ஓட்டை. அவ்வளவுதான். இதைப் பார்க்காமல் தகடுகளை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அடுத்த நடையில் மறுபடியும் மோர்தான். போன தடவை வேலை பார்த்தவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள்.

பிரிக்கிறது ஒரு நாள் வேலை. கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, காற்றாடித் தண்டைப் பின்னுக்குத் தள்ளி, மேலே குறுக்குக் கட்டை போட்டு, செயின் பிளாக்கில் தூக்கி வெளியே எடுத்தோம். கழற்றிய ஒவ்வொன்றையும் டீசலில் கழுவி வரிசை மாறாமல் சாக்கில் அடுக்கினான். புது பேரிங்கைச் சுத்தியால் அடிக்கவில்லை. ஆயிலில் போட்டுச் சூடாக்கி, விரிந்ததும் தண்டில் நழுவ விட்டான். ஆயில் சீல் போடும்போது அதன் உதடு ஆயில் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான்.

அந்தச் சீலைப் பார்த்ததும் எனக்குத் தாத்தா நினைவு. எங்கள் தாத்தா கமலைக்குத் தும்பி தைத்தவர். மாடு இழுக்கிற கமலையில் இரும்புக் கூனைக்கு அடியில் தோலில் தைத்த நீளமான வாய் இருக்குமே, அதுதான் தும்பி. கூனை மேலே வருகிறவரை வால்கயிறு அதை மடக்கிப் பிடித்திருக்கும். வந்ததும் நீண்டு வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். தையல் விட்டால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே போய்விடும். செத்த மாட்டைச் சுமந்து, உரித்து, ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, தைத்துக் கொடுத்த மனுசன் அந்த வாய்க்காலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடிக்க முடியாது. எவனாவது மேலிருந்து ஊற்றணும், இவர் கையேந்தணும். பம்புசெட் வந்து கமலை போனது. பிறகு அப்பா காலத்தில் அடிபம்பு. உள்ளே இருக்கிற தோல் வாசர் தேய்ந்தால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். வாசர் வெட்டிப் போட்டு, தண்ணீர் வந்ததும் அவரை ஒதுங்கச் சொல்லிப் பம்பைக் கழுவிவிட்டுக் குடம் வைப்பார்கள். சின்னப் பையனாய் நான் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் வருவதற்கு முன் எஞ்சின்களில் ஆயில் சீலையே தோலில்தான் செய்தார்கள். எனக்குள்ளே பெரிய கட்டுரை ஓட ஆரம்பித்துவிட்டது. தாத்தாவின் தும்பி, அப்பாவின் வாசர், அண்ணனின் சீல். தண்ணீரை உள்ளேயும் வெளியேயும் நிறுத்துகிற மூன்று தலைமுறைக் கை. அண்ணனிடம் சொன்னேன்.

அவன் சிரித்தான். "அந்த நாத்தத்த திரும்ப எதுக்குல இழுக்க? தாத்தா கையில இருந்து எனக்கு ஒண்ணும் வரல. டிராக்டர் பட்டறையில எட்டு வருசம் ஸ்பேனரால மண்டையில அடி வாங்கிப் படிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டம். 1954இல் கைவிடப்பட்டது. என் பேனாவில் அது கைவிடப்படவில்லை போலிருக்கிறது. ரத்தத்தில் வந்த திறமை என்று நான் எழுதினால் அதைத்தானே மேலத்தெருக்காரனும் சொல்கிறான், வேறு தொனியில்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. படித்தபோது பரீட்சைக் கட்டணம் கொண்டு ஒரு நாள் அண்ணன் விடுதிக்கு வந்தான். பட்டறையிலிருந்து நேராக, சட்டையெல்லாம் கிரீஸ். அறையில் இருந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். "ஊர்க்காரர்" என்றேன். அவனுக்குக் காதில் விழுந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இத்தனை வருசத்தில் ஒரு தடவைகூட அதைப்பற்றிக் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர்ந்துவிட்டது. தண்டை மாட்டி முடித்துவிடச் சொன்னார் முதலாளியின் ஆள். அண்ணன் கப்ளிங்கைத் தொட மாட்டேன் என்றான்.

"தோணி தண்ணியில இறங்கட்டும். அப்புறந்தான் முறுக்குவேன்."

"நீ சொல்றத நாங்க கேக்கணுமோ?" என்றார் அவர். எந்த ஊர், எந்தத் தெரு என்று முதல் நாளே விசாரித்து வைத்திருந்தவர். அந்த 'நீ' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் கண்ணால் அமர்த்தினான்.

"கேக்காண்டாம். இன்னொருத்தர வச்சு முறுக்கிக்கிடுங்க. நான் பேர் கொடுக்க மாட்டேன்" என்று கையைத் துடைக்க ஆரம்பித்தான்.

மரத்தோணி கரையில் கட்டைமேல் இருக்கும்போது ஒரு வாகில் இருக்கும். மிதக்கும்போது பலகைகள் வேறு வாகுக்கு இளகும். கரையில் நேராக வைத்த தண்டு கடலில் கோணிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் சீலும் தின்றுபோகும். இதைக் கடைசியில் தண்டல்தான் அந்த ஆளிடம் எடுத்துச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் இறக்கினார்கள். அண்ணன் இரண்டு கப்ளிங் முகங்களையும் ஒட்டி வைத்து, மேலே, கீழே, இடது, வலது என நாலு பக்கமும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தான். கீழே புகுந்த தகடு மேலே புகவில்லை. எஞ்சின் காலுக்கடியில் தகடு கொடுத்து, மறுபடி அளந்து, மறுபடி கொடுத்து, நாலு மணி நேரம். நாலு பக்கமும் தகடு ஒரே மாதிரி புகுந்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினான்.

எஞ்சின் ஓடியது. முன்கியர். கயிறு விறைத்துத் தோணி ஒரு இழுப்பு இழுத்தது. பின்கியர். அதுவும் பிடித்தது. "அண்ணாச்சி, சரியாயிட்டு" என்று தண்டல் மேலிருந்து கத்தினார். அண்ணன் எஞ்சினை நிறுத்தச் சொல்லி டிப் ஸ்டிக்கை உருவினான். ஆயில் தெளிவாக இருந்தது.

கணக்குப்பிள்ளை வந்து, பில் எந்தப் பட்டறைப் பேரில் என்று கேட்டார். இதுவரை அவன் செய்த வேலைக்கெல்லாம் வேறொருவர் பேரில்தான் பில் போயிருக்கிறது.

"என் பேர்லதான். எந்தம்பி எழுதுவான்" என்றான்.

இனிசியலோடு அண்ணன் பேரை மேலே எழுதி, செய்த வேலைகளை ஒவ்வொன்றாய் எழுதினேன். வாங்கி, எழுத்துக் கூட்டிக் கடைசி வரை படித்தான்.

"கூலர் மாத்துனத விட்டுட்டியேலே. அதையும் எழுது."