இன்னொருக்கா வருமோ?

போர் விமானங்களைப் பற்றிக் கதைப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தில்தான் தொடங்குவார்கள். ஒலியை விட இரண்டு மடங்கு வேகம், இத்தனை ஆயிரம் அடி உயரம், இத்தனை ஏவுகணை. யூடியூப்பில் இப்படியான காணொளிகளுக்குக் குறைவில்லை. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வந்ததில்லை. ஒரு விமானத்தின் பெயரைக் கேட்டால் நான் தேடிப் பார்ப்பது ஒன்றைத்தான். புறப்பட்ட இடத்தில் இருந்து அவ்வளவு தூரம் போன பிறகு, அங்கே எத்தனை நிமிடம் அதனால் நிற்க முடியும்?

இது என்னுடைய கேள்வி இல்லை, அம்மாவுடையது. வன்னியில் எங்கட வளவில் 'ட' வடிவில் ஒரு பங்கர் இருந்தது. மேலே பனங்குற்றி, அதுக்கு மேலே மண். கிபிர் ஒருதரம் பதிந்து குண்டைப் போட்டுவிட்டு மேலே ஏறினதும் அம்மா கேட்பது எப்போதும் ஒன்றுதான். "இன்னொருக்கா சுத்தி வருமோ?" அப்பாவுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டு மாமாவுக்கும் தெரியாது. தெரிந்தால் மாட்டை அவிட்டு விட்டுவிட்டு வரலாம், அடுப்பை அணைக்கலாம், அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு வரலாம். தெரியாததால் எல்லாரும் உள்ளேயே கிடப்போம். எனக்கு அப்போது ஏழு வயது.

விடை மிகவும் சாதாரணமானது என்று பிறகு, வளர்ந்து, இங்கிலாந்துக்கு வந்து, வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். அது கிளம்பி வரும் ஓடுபாதையில் இருந்து எங்கட ஊருக்கு 250 கிலோமீற்றர் அளவு. ஒரு ஜெட்டுக்கு அது தூரமே இல்லை. எரிபொருள் மிச்சம் இருக்கும், வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்காது. இன்னொருக்கா வரும். எதிர்த்து எழும்ப எங்கட பக்கம் ஒரு விமானமும் இல்லாதபோது எத்தனை தரமும் வரும்.

1996இல் இலங்கைக்கு வந்த கிபிரின் பரம்பரையைத் தேடிக்கொண்டு போனபோதுதான் போக்லண்ட் தீவுகளில் போய் முட்டிக்கொண்டேன். பிரான்சின் மிராஜ் 5ஐப் பார்த்து இஸ்ரேல் செய்த விமானம் நெஷர். அதே உடம்புக்கு அமெரிக்க இயந்திரத்தைப் பூட்டி வளர்த்தது கிபிர். பழைய நெஷர்களை இஸ்ரேல் 1970களின் கடைசியில் ஆர்ஜென்டீனாவுக்கு விற்றது. அங்கே அதற்கு டாகர் என்று பெயர். படத்தைப் பார்த்தால் அதே முக்கோணச் செட்டை, அதே கூர் மூக்கு. கிபிரின் அண்ணன்காரன் என்று சொல்லலாம்.

1982 ஏப்ரல் 2ஆம் தேதி ஆர்ஜென்டீனா போக்லண்டைப் பிடித்தது. லண்டனில் இருந்து அந்தத் தீவுகள் ஏறக்குறைய 12,700 கிலோமீற்றர். ஆர்ஜென்டீனாக் கரையில் இருந்து 500 கிலோமீற்றர்கூட இல்லை. வரைபடத்தை மட்டும் பார்த்தால் யாருக்கு வெற்றி என்பதில் சந்தேகமே வராது. ஆனால் அந்தக் கரையில் இருந்த விமானங்களின் எரிபொருள் தாங்கிகளைப் பார்த்தால் கதை வேறு. டாகர்கள் கிளம்பிய ரியோ கிராண்டே தளத்தில் இருந்து தலைநகர் ஸ்டான்லிக்கு 700 கிலோமீற்றர். டாகருக்கும் மிராஜ் 3க்கும் வானில் எரிபொருள் நிரப்பும் வசதி கிடையாது. அவ்வளவு தூரம் பறந்து வந்து சேர்ந்தால் அவற்றிடம் மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். மிராஜ் ஒலியை விட இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் என்பது கடதாசியில் உண்மை. அதற்கு ஆஃப்டர்பர்னரைப் போட வேண்டும். போட்டால் எரிபொருள் தண்ணியாய்க் கொட்டும், ஊர் திரும்ப முடியாது. ஒலியின் வேகத்தையே எட்டாத பிரிட்டனின் ஸீ ஹாரியர்கள் இருபது விமானங்கள் வரை வானில் வீழ்த்தியதற்கும், வான்சண்டையில் தங்களில் ஒன்றைக்கூட இழக்காததற்கும் ஏவுகணையும் பயிற்சியும் காரணம் என்பார்கள். நான் எதிரியின் எரிபொருள் மானியையும் சேர்த்துக்கொள்வேன்.

ஸ்டான்லி ஓடுபாதையே கையில் இருந்ததே, அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். 1,250 மீற்றர் ஓடுபாதை அது. இந்த வகை ஜெட்டுகளுக்குக் காணாது. அதை நீட்டாமல் விட்டது ஆர்ஜென்டீனாவின் மிகப் பெரிய தவறு என்பது என் அபிப்பிராயம். பிரிட்டனோ தன் ஓடுபாதையைக் கப்பலில் கொண்டுவந்தது. ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்று இரண்டு விமானந்தாங்கிகள், தொடக்கத்தில் அவற்றில் இருபது ஸீ ஹாரியர்கள். எக்ஸோசெட் ஏவுகணைக்குப் பயந்து அந்தக் கப்பல்கள் கிழக்கே தள்ளியே நின்றன. ஆகவே ஹாரியருக்கும் தீவுகளுக்கு மேல் நிற்க நேரம் குறைவு. ஒரு விதத்தில் இரண்டு பக்கமும் மணிக்கூட்டோடுதான் சண்டை பிடித்தன.

நான் லிங்கனில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்கிறேன். லிங்கன்ஷயர் முழுக்க விமானத் தளங்கள். கோனிங்ஸ்பியில் இருந்து டைஃபூன்கள் கிளம்பும் சத்தம் கேட்டால் கை தன்பாட்டில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அது எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஷெட்டுக்குப் பேப்பர் வாங்க வரும் கிழவர் ஒருவர் முன்பு விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவர். வாடிங்டனில் நிற்கிற வல்கனைப் போய்ப் பார் என்று சொன்னவர் அவர்தான். எக்ஸ்எம் 607 என்கிற அந்த வல்கன் 1982 ஏப்ரல் 30 இரவு, அத்திலாந்திக்கின் நடுவில் இருக்கும் அசென்சன் தீவில் இருந்து எழும்பியது. அங்கிருந்து ஸ்டான்லிக்கு 6,000 கிலோமீற்றருக்கு மேல். இந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க 11 விக்டர் எரிபொருள் விமானங்கள் சேர்ந்து கிளம்பின. விக்டர் வல்கனுக்கு ஊற்றும், விக்டருக்கு இன்னொரு விக்டர் ஊற்றும். கடைசியாக ஊற்றிய விக்டர் தான் திரும்புவதற்கான எரிபொருளையும் கொடுத்துவிட்டது. எதிரே இன்னொன்று வந்து நிரப்பியிருக்காவிட்டால் அது கடலில்தான். போகவர 16 மணித்தியாலம், 21 குண்டுகள். ஓடுபாதையில் விழுந்தது ஒன்று.

பெற்றோல் விற்கிற எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்துத் தலை சுற்றியது. போர் முடியும் வரை ஆர்ஜென்டீனாவின் ஹெர்குலிஸ்கள் இரவில் அந்த ஓடுபாதையில் இறங்கிக்கொண்டேதான் இருந்தன. இந்தத் தாக்குதலால் உண்மையில் என்ன பயன் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கிழவரிடம் கேட்டால் கோபிப்பார், நான் கேட்பதில்லை.

அந்த மே 1ஆம் தேதியில் என்னைப் பிடித்து நிறுத்துவது வல்கன் அல்ல. அன்று பின்னேரம் கப்டன் குஸ்தாவோ கார்சியா குவேர்வாவின் மிராஜ் 3ஐ ஹாரியரின் ஏவுகணை சேதப்படுத்தியது. ஊர் திரும்ப எரிபொருள் காணாது. கீழே தன் ஆட்களின் கையில் இருந்த ஸ்டான்லி ஓடுபாதையில் இறக்கப் பார்த்தார். காலையில் குண்டு வாங்கியிருந்த பீரங்கிக்காரர்கள் எதிரி வருகிறான் என்று நினைத்துச் சுட்டார்கள். சொந்த ஆட்களின் சூட்டில் அவர் செத்தார்.

அந்த முக்கோணச் செட்டைக்குள் ஒரு மனிசன் இருக்கிறான் என்று நான் முதன்முதலில் நினைத்தது இதை வாசித்தபோதுதான். பங்கருக்குள் கிடக்கும்போது அது வெறும் சத்தம். உள்ளே ஒருத்தன் எரிபொருள் மானியைப் பார்த்துக்கொண்டு, வீட்டை நினைத்துக்கொண்டு இருப்பான் என்பது யோசனையிலேயே வராது. வந்திருக்கவும் வேண்டாம் என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனால் வாசித்ததை வாசிக்காததாக்க முடியவில்லை.

ஜூன் 14இல் போர் முடிந்தது. ஆர்ஜென்டீனாவில் 649 பேர், பிரிட்டனில் 255 பேர். தீவு மக்களில் இறந்தது மூன்று பேர், மூவரும் பெண்கள். மீட்க வந்த பிரிட்டிஷ் கப்பலின் எறிகணை அவர்கள் இருந்த வீட்டில் விழுந்தது. மூன்று என்ற எண்ணைப் பார்த்து முதலில் எனக்குப் பொறாமை வந்தது. எங்கட ஆட்கள் யாருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிரிட்டன் படித்த பாடம் ஓடுபாதைதான். 1985இல் மவுண்ட் பிளெசன்ட் என்ற இடத்தில் பெரிய விமானங்களும் இறங்கக்கூடிய தளத்தைத் திறந்தார்கள். முதலில் ஃபாண்டம், பிறகு டொர்னேடோ, 2009 முதல் டைஃபூன். எத்தனை என்று நினைக்கிறீர்கள்? நாலு. ஒரு நாட்டின் விமானப் படைக்கு எதிராக நாலு எண்டால் பகிடி மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவற்றின் வேலை போரை வெல்வது அல்ல. மலை உச்சி ராடார்கள் சொன்னதும் எழும்பி, பின்னால் துணைக்கு வரும் விமானங்கள் இறங்குவதற்கு அந்த ஓடுபாதையைக் காத்து வைத்திருப்பது. நாலுக்கும் பெயர் உண்டு. நம்பிக்கை, எதிர்பார்ப்பு, ஈகை. மால்டாவை 1940இல் காத்த மூன்று பழைய கிளாடியேட்டர்களின் பெயர்கள் இவை. நாலாவதற்கு விரக்தி என்று வைத்தார்கள். இங்கிலீஷ்காரரின் இந்தப் பகிடி எனக்குப் பிடிக்கும்.

ஆர்ஜென்டீனா தன் மிராஜ்களை 2015இல் ஓய்வுக்கு அனுப்பியது. புதிது வாங்கப் போன இடங்களில் பிரிட்டன் குறுக்கே நின்றது. கொரியாவின் விமானத்தில் ஆறு பிரிட்டிஷ் பாகங்கள் இருந்ததே அதைத் தடுக்கப் போதுமாயிற்று. கடைசியில் 2024இல் டென்மார்க்கிடம் 24 பழைய எஃப்-16களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். செய்தி வந்த அன்று நான் தேடிப் பார்த்தது ஒன்றைத்தான். எஃப்-16 எரிபொருளை வாங்குவது விறைப்பான குழாய் வழியாக. ஆர்ஜென்டீனாவின் ஹெர்குலிஸ் டேங்கர்கள் கொடுப்பது தொங்குகிற ஹோஸ் வழியாக. இரண்டும் பொருந்தாது. அதாவது 1982இல் டாகருக்கு இருந்த அதே தொல்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறா. ஒருநாள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடுபாதை, எரிபொருள் ஒன்றும் அவவின் காதில் ஏறவில்லை. "அங்க சனம் எவ்வளவு?" என்று கேட்டா. நாலாயிரம்கூட வராது என்றேன். 2013இல் அவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினதையும் சொன்னேன். பிரிட்டனோடு இப்படியே இருக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள், 1,517 பேர் வாக்களித்தார்கள், மூன்று பேர் மட்டும் இல்லை என்றார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா.

"அந்த மூண்டு பேரையும் ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லையம்மா. ஆரெண்டே அவைக்குத் தெரியாது."