எங்கள் வீட்டு வாஷிங் மெஷினும் என் பேனாவும்



போன வாரம் மதுரையில் இருக்கும் தங்கை போன் செய்தாள். "அண்ணே, மெஷின் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்றாள். இரண்டு கேள்வி கேட்டுப் போனிலேயே சரி செய்துவிட்டோம். அதை அவள் குடும்பக் குழுவில் எழுத, எப்படியோ மாணவர்கள் காதுக்கும் போய், "சார் எப்ப மெக்கானிக் ஆனீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். நான் மெக்கானிக் இல்லை. பட்ட பாட்டில் கற்றுக்கொண்டது கொஞ்சம். கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஐப்பசியில் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார்கள். அப்போது 86 வயது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், மருந்தைவிடப் பெரிய வேலை துணி. பழைய வேட்டி, கிழித்த சேலை, விரிப்பு, போர்வை என்று தினமும் இரண்டு தடவை துவைக்க வேண்டும். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் முதுகில் புண் வந்துவிடும். என் மனைவிக்கு மணிக்கட்டு வலி, துணி பிழியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த, முன்பக்கம் கதவு வைத்த மெஷின்தான் கை கொடுத்தது. அது கடைசியில் வேகமாகச் சுற்றும் சத்தத்தை அம்மா "ரயிலு" என்பார்கள். "காலை ரயிலு போயிருச்சாப்பா?" என்று கேட்டுத்தான் காப்பி கேட்பார்கள்.

ஒரு நாள் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே அழுக்குத் தண்ணீரும் துணியும். கதவு திறக்கவில்லை. முதலில் நான் செய்த காரியம் மனைவியைத் திட்டியது. "சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினா இப்படித்தான் ஆகும்" என்றேன். சோப்புத்தூள் அதிகமானால் நுரை பொங்கிச் சுற்றுவது தடைபடும் என்பது உண்மைதான். ஆனால் அன்று உள்ளே நுரையே இல்லை. கண்ணாடிக் கதவு வழியாகவே தெரிந்தது. பார்க்காமல் பேசினேன்.

மெக்கானிக் வந்தார். நின்றபடியே நாலு பட்டனை அழுத்திப் பார்த்தார். "போர்டு போயிருச்சு சார். எட்டாயிரத்து ஐநூறு ஆகும், ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதுகிற பையன்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள் இல்லையா, அந்த ரகம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாள் மனைவி கல்லில் போட்டுக் கையால் துவைத்தாள். மூன்றாம் நாள் ராத்திரி அவள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டாள். "ரயிலு ஏன்யா ஓடல?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அன்று தூக்கம் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீரை வெளியேற்றும் பட்டனை மட்டும் அழுத்தி, தரையில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டேன். அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். நிற்கும். மறுபடி முனகும். அப்போதுதான் உறைத்தது. தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் முனகுகிறது என்றால் அதற்கு மின்சாரம் வருகிறது. அனுப்புவது போர்டு. போர்டு செத்துப்போயிருந்தால் முனகல் ஏது? ஆக, பம்ப் சுற்ற முயல்கிறது, எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கம் கீழே வலது மூலையில் இருந்த சின்ன மூடியைத் திறந்தேன். உள்ளே உருண்டையாக ஒரு திருகு மூடி. அதுதான் பம்பின் வடிகட்டி. இடப்பக்கமாகத் திருகினேன். உள்ளே தேங்கியிருந்த அத்தனை தண்ணீரும் பீறிட்டு ஹால் முழுக்க ஓடி அம்மாவின் கட்டில் கால் வரை போய்விட்டது. வீட்டில் இருந்த சாக்கெல்லாம் நனைந்தது. நான் அவசரத்தில் பார்க்காதது, வடிகட்டிக்குப் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருந்தது. அதன் அடைப்பானை எடுத்து, அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிட்டுத்தான் பெரிய மூடியைத் திருக வேண்டும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறிய பிறகு. சில மெஷின்களில் அந்தக் குழாய் இருக்காது, அப்போது மூடியைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தி வடித்துக்கொள்ளலாம்.

வடிகட்டியில் ஒரு ரூபாய் நாணயம், முடி, நூல், ஒரு பித்தான். கழுவி மாட்டி ஓட்டினால் அதே முனகல். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, வடிகட்டியை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். வடிகட்டிக்குப் பின்னால் சின்னக் காற்றாடி போல ஒன்று தெரிந்தது. பென்சிலால் தள்ளினேன். நல்ல பம்பாக இருந்தால் உள்ளே இருக்கும் காந்தத்தால் அது தடக் தடக் என்று விட்டுவிட்டுச் சுற்றும். இது அசையவே இல்லை. காற்றாடிக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ மினுங்கியது. புருவ முடி எடுக்கும் சின்ன இடுக்கியை மனைவியிடம் வாங்கி இழுத்தேன்.

வந்தது ஒரு பேனா கிளிப். 2018-இல் நான் ஓய்வு பெற்ற அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த மைப் பேனாவின் தங்க நிறக் கிளிப். ஒரு மாதமாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். "சட்டைப்பையைப் பாத்துட்டுப் போடுங்க" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொல்லி வருவது. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. கிளிப்பைக் கழுவி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் துணி அள்ளப் போய்விட்டாள். எட்டு மணிக்கு ரயில் ஓடியது. எனக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. அவள் கைக்கு ஒரு மாதம் எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது.

சரி, தங்கை வீட்டுக் கதை. நான் கேட்டது, உள்ளே தண்ணீர் மட்டம் ஏறுகிறதா? கழிவுநீர்க் குழாயின் நுனி எங்கே கிடக்கிறது? மட்டம் ஏறவில்லை. வீடு துடைக்கும்போது குழாயைக் கழற்றித் தரையில் போட்டிருக்கிறாள். வாளித் தண்ணீரில் ரப்பர் குழாயைப் போட்டு உறிஞ்சிக் கீழே விட்டால் தானாக வடியுமே, வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன், அதே வடிகுழாய்த் தத்துவம்தான். வரும் தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போகிறது. குழாயை இரண்டு மூன்றடி உயரத்தில் மாட்டச் சொன்னேன், நின்றுவிட்டது. பம்ப் இல்லாமல் தானாக வடியும் மேல்மூடி மெஷினுக்கு இது நேர்மாறு. அதில் குழாய் தாழ்வாகக் கிடந்தால்தான் வடியும்.

குழாய் சரியாக இருந்து, மட்டமும் ஏறி, நிற்காமல் வழிந்தால் அது வேறு கதை. கவிழ்த்த டம்ளரை நேராகத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று அடைபட்டு நிற்கும், அடியில் ஒட்டிய காகிதம் நனையாது. ஆறாம் வகுப்பில் எத்தனை தடவை செய்திருப்போம்! மெஷினும் அதை வைத்துத்தான் தண்ணீரை அளக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து மேலே ஒரு மெல்லிய குழாய் போகும். தண்ணீர் ஏற ஏற அதில் அடைபட்ட காற்று அழுந்தி, மேலே இருக்கும் ஒரு சவ்வைத் தள்ளும். போதும் என்று வால்வு மூடிக்கொள்ளும். அந்தக் குழாயில் அழுக்கு அடைத்தாலோ, ஓட்டை விழுந்தாலோ, கழன்றாலோ மெஷினுக்குக் கணக்குத் தெரியாது. இது பின்பக்கத்தைக் கழற்றும் வேலை, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆனால் "அந்தக் காத்துக் குழாயைப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். கேட்டாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் நூலாக வருகிறது என்றால் குழாயை மூடி, ஓஸைக் கழற்றி, மெஷினுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சல்லடையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, துணி போடாமல், 100 கிராம் எலுமிச்சை உப்பு போட்டுச் சுடுதண்ணீரில் ஒருமுறை ஓட விடுகிறேன். அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். மெஷின் குதித்தால், ஒற்றைப் போர்வை ஒரு பக்கம் சுருண்டிருக்கும் அல்லது கால்கள் சமமாக இராது.

இனி ஒரு விஷயத்தில் கண்டிப்பாகப் பேசுகிறேன். "தொட்டா சுருக்குங்குதுங்க" என்று மனைவி ரொம்ப நாளாகச் சொல்லி வந்தாள். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான்" என்று தள்ளிவிட்டேன். பம்ப் விஷயத்துக்குப் பிறகு புத்தி வந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவர் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் ஒயரே இணைக்கவில்லை. வீடு கட்டியதிலிருந்து! ஈரத் தரையில் வெறுங்காலோடு அவள் எத்தனை நாள் நின்றிருப்பாள்! எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். உங்கள் வீட்டில் சுருக்கென்றால் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்குங்கள்.

பக்கத்து வீட்டில் பழைய செமி ஆட்டோமேட்டிக். மோட்டார் உறுமும், சுற்றாது. கையால் தள்ளிவிட்டால் சுற்றும். கபாசிட்டர்தான் என்று நான் திறக்கப் போக, எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் வந்து, "சார், நீங்க தள்ளி உக்காருங்க" என்றான். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், அதை முதலில் இறக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். மேலே அச்சிட்டிருந்த மைக்ரோ ஃபாரட் எண்ணைப் பார்த்து அதே அளவில் புதிதாக மாட்டினான். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. நான் கை கட்டி உட்கார்ந்திருந்ததைப் போட்டோ வேறு எடுத்து வைத்திருக்கிறான்.

அம்மா 2023 மாசியில் போய்ச் சேர்ந்தார்கள். முதுகில் ஒரு புண் இல்லாமல் அனுப்பினோம். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் ரயில்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள். கூப்பிடுவதற்கு முன் பம்ப் சத்தம் கேட்கிறதா என்று காது வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். சட்டைப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.