யார் செத்து வந்த பேய்?

சில வருடங்களுக்கு முன், குழந்தைகளுக்கான ஜப்பானிய கார்ட்டூன் தொடர் ஒன்றுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதினேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கைக்கு வந்தது ஆங்கிலப் பிரதி. மூல ஒலியில் 'யோகாய்' என்று காதில் விழுந்த இடத்திலெல்லாம் அதில் ஆவி என்றிருந்தது. "பேய்னு போட்டுடுங்க சார், குழந்தைங்களுக்குப் புரியணும்" என்றார் நிர்வாகி. மூன்று நாள் கெடு. போட்டுவிட்டேன்.

ஒளிபரப்பானபோது என் ஏழு வயது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கப்பா. ஆற்றில் வாழ்வது, உச்சந்தலைக் குழியில் தண்ணீர் வைத்திருக்கும், வெள்ளரிக்காய் என்றால் உயிர். "அப்பா, இது யார் செத்து வந்த பேய்?" என்று கேட்டாள். பிறகு, "பாட்டியும் இப்படித்தான் வருவாங்களா?" என் அம்மா இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றிரவு அவள் தூங்கவில்லை.

முன்பே படித்திருக்க வேண்டியதை அப்புறம்தான் படித்தேன். இறந்தவரின் ஆவிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'யூரேய்'. 1825இல் கபுகி மேடை ஏறிய 'யோட்சுயா கைதான்' நாடகத்தின் ஓஇவா அந்த ரகம். 1998இல் வந்த 'ரிங்கு' படத்தில் டி.வி. பெட்டியிலிருந்து தவழ்ந்து வரும் சடாகோவும் அதே வம்சம்தான். யோகாய் உருவாக யாரும் சாக வேண்டியதில்லை. விளங்காத ஒன்றுக்கு மனிதர்கள் வைத்த பெயர் அது. ராத்திரியில் நடக்கும்போது திடீரென்று முன்னே போக முடியவில்லை, கண்ணுக்குத் தெரியாத சுவர் தடுக்கிறது என்றால் அது 'நுரிகாபே'. குச்சியால் மேலே தட்டிப் பயனில்லை. கீழே தட்டினால் மறைந்துவிடும் என்பது நம்பிக்கை.

இந்தச் சுவருக்குக் கண்ணும் காலும் வைத்து வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியவர் மிஸுகி ஷிகெரு (1922-2015). சகாய்மினாட்டோ என்ற துறைமுக ஊரில் வளர்ந்தவர். நோனோன்பா என்று அவர் அழைத்த கிழவியிடம் யோகாய் கதை கேட்ட பையன். இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பப்பட்டு, மலேரியாவில் கிடந்தபோது குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். அங்கே தப்பி ஓடிய இரவில் நுரிகாபே தன்னை மறித்ததாகப் பிற்பாடு சொன்னார். மீதமிருந்த ஒரு கையால் அவர் வரைந்த கித்தாரோ, கல்லறையில் பிறந்த ஒற்றைக்கண் சிறுவன். அவன் அப்பா ஒரு கண்விழி மட்டுமே. தேநீர்க் கிண்ணத்தில் குளிப்பார்.

'கல்லறைக் கித்தாரோ' என்ற பெயரை விளம்பரதாரர்கள் விரும்பவில்லை. 1968இல் டி.வி.க்கு வந்தபோது அது 'கெகெகே நோ கித்தாரோ' ஆகியிருந்தது. சின்ன வயதில் தன் பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் 'கெகெரு' என்றதால் மிஸுகிக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'கெகெ'. அதிலிருந்து வந்த தலைப்பு. அவரையும் பெயரை மாற்றச் சொன்னார்கள். அவர் தன் பெயரையே எடுத்துக் கொடுத்தார். நான் பேயைக் கொடுத்தேன்.

சரி, தமிழில் வேறு என்ன எழுதியிருக்கலாம்? தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு முதலில் சிலப்பதிகாரத்தின் சதுக்கப்பூதம்தான் ஞாபகம் வந்தது. அதுவும் செத்து வந்ததல்ல. ஆனால் பொய்சாட்சி சொல்பவரை அடித்துத் தின்னும் பூதத்தை வெள்ளரிக்காய் தின்னும் கப்பாவோடு எப்படி உட்கார வைப்பது? அடுத்த தொகுதிக்கு 'யோகாய்' என்றே எழுதிக் கொடுத்தேன். ஒலிப்பதிவில் அது மறுபடி பேயாகிவிட்டது. அதன்பின் அவர்கள் கூப்பிடவில்லை.

மகளுக்குத் திருத்தம் சொல்லச் சில நாட்கள் ஆயின. பாட்டி வேறு, யோகாய் வேறு என்றேன். பாதிதான் நம்பினாள். பேச்சை மாற்ற 'த்சுகுமோகாமி' பற்றிச் சொன்னேன். நூறு வருடம் புழங்கிய சாமானுக்கு உயிர் வந்துவிடும். பழைய குடை ஒற்றைக்காலில் நாக்கை நீட்டிக்கொண்டு குதிக்கும். இதற்கு மட்டும் சிரித்தாள். எழுந்துபோய் அம்மாவின் பித்தளை வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வந்தாள்.

"இதுக்கு எத்தனை வயசு?"

"அறுபது இருக்கும். பாட்டி கல்யாணத்துக்கு வாங்கினது."

விரல் விட்டு எண்ணினாள். இன்னும் நாற்பது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, இதை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்றாள். இப்போது அது அவள் புத்தக அலமாரியில் இருக்கிறது.