ஆளுக்கு ஒன்று

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் ஓரிடம் உண்டு. தினைப்புனம் காக்கச் சென்ற பெண்கள் அருவியில் ஆடி, மலைச்சாரலில் திரிந்து, பூக்களைப் பறித்து வந்து பாறையின்மேல் குவிக்கிறார்கள். 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பள்ளியில் அதைப் படித்த நாளில், இத்தனை பெயர்களை ஒரு புலவர் எவ்வாறு நினைவில் வைத்திருந்தார் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. இன்று வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தக் குவியல் ஒருத்தி பறித்ததன்று. தோழியர் பலரின் கைகள் சேர்ந்து குவித்தது.

பூக்குவியலுக்கு இணையான ஒன்று நம் வீடுகளிலும் நடப்பதுண்டு. நாலைந்து பேர் கூடியவுடன் ஒருவர் ஒரு தலைப்பைச் சொல்வார். ஊர்ப் பெயரில் வந்த திரைப்படங்கள், இரட்டை வேடப் படங்கள், மழையில் எடுத்த பாடல் காட்சிகள் என எதுவாகவும் அது இருக்கலாம். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. தடுமாறுகிறவருக்குக் குறிப்புத் தரலாம், விடையைத் தரக்கூடாது. ஐயம் எழுந்தால் கூடியிருப்போரே தீர்ப்பளிப்பர். பலகையும் வேண்டாம், காயும் வேண்டாம்.

இதற்கு உறவான 'பாட்டுக்குப் பாட்டு' நம் வாசகர்கள் நன்கறிந்தது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது அவர்கள் நடத்திய அந்நிகழ்ச்சி, பின்னர் 1990களில் சன் தொலைக்காட்சியின் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. அங்கே பாடுவோருக்குள் போட்டி இருந்தது. பட்டியல் விளையாட்டில் அனைவரும் ஒரே அணி. எதிரணியில் நிற்பது மறதிதான்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மாவட்டத்தின் பல இடங்களில் மின்கம்பங்கள் விழுந்தன. காட்டுமன்னார்கோயிலில் எங்கள் தெருவும் இருண்டது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்திருந்த உறவினர் சிலர் ஊர் திரும்ப இயலாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டனர். குடிலின் மேல் தொங்கிய விண்மீன் விளக்கு எரியவில்லை. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றைச் சுற்றிக் கூடத்தில் உட்கார்ந்தோம்.

எங்கள் வயலில் நெடுங்காலம் வேலை செய்த பெரியவர் ஒருவரும், கூரை பிரிந்துபோன தம் வீட்டை விட்டுப் பேரனோடு வந்திருந்தார். பேரன் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கூடத்தில் கலந்துவிட்டான். பெரியவர் திண்ணையிலேயே சாக்கை விரித்து அமர்ந்துகொண்டார். அவர் எழுபதைக் கடந்தவர். அவரினும் இளையவரான என் அத்தை அவரை "வா, போ" என்றே அழைப்பார். தெருவின் வழக்கம் அதுவாக இருந்தது.

அன்றைய தலைப்பை மாமா சொன்னார்: படத்தின் பெயரில் எண் வரவேண்டும், ஒன்று முதல் பத்து வரை வரிசை குலையாமல் செல்லவேண்டும். அண்ணன் மகள் ஒரு நாட்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். ஒன்றுக்கு 'ஒருதலை ராகம்' (1980), இரண்டுக்கு 'இருவர் உள்ளம்' (1963), மூன்றுக்கு 'மூன்று முடிச்சு' (1976). நான்கில் பட்டியல் நின்றுவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அப்போது திண்ணையிலிருந்து குரல் வந்தது. "நான்கு கில்லாடிகள்னு ஒரு படம் வந்துச்சுங்களே, ஜெய்சங்கர் நடிச்சது. அஞ்சு வேணும்னாலும் இருக்குதுங்க. ஐந்து லட்சம், ஜெமினி படம்."

இரண்டும் 1969இல் வந்த படங்கள். கூடம் ஒரு கணம் அமைதியாயிற்று. இளமையில் கீற்றுக் கொட்டகைச் சினிமா ஒன்றுக்குத் தாம் சுவரொட்டி ஒட்டியதாக அவர் சொன்னார். எங்கள் வீட்டில் எவருக்கும் அது தெரியாது. "எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதுங்க. எந்தச் சுவத்துல எந்தப் படம் ஒட்டுனேன்னு கேட்டா சொல்லிடுவேன்" என்றார். நாங்கள் ஆண்டுகளையும் நடிகர்களையும் கொண்டு நினைவுபடுத்திக்கொண்டிருந்தோம். அவருக்கு ஊரின் சுவர்களே ஏடுகளாக இருந்தன.

அத்தை வாசல் பக்கம் திரும்பினார். "இன்னும் என்னென்ன படம் ஒட்டினீங்க? உள்ள வந்து உக்காந்து சொல்லுங்க" என்றார். 'ஒட்டினே' என்று முடிந்து பழகிய சொல் 'ஒட்டினீங்க' என்று முடிந்ததைக் கூடத்திலிருந்த பெரியவர்கள் அனைவரும் கேட்டனர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் எழுந்து வந்து விளக்கருகே சுவரோரம் அமர்ந்தார்.

ஆறு எளிதாகக் கிடைத்தது. 'ஆறிலிருந்து அறுபது வரை' (1979) என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். ஏழுக்கு மாமா குறும்பாக 'ஏழை படும் பாடு' (1950) என்றார். விக்டர் ஹியூகோவின் புதினத்தைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். அந்தக் கதையே திரைப்படமானது. தன் வீட்டு வெள்ளியைத் திருடியவனுக்கே அதை அன்பளிப்பாக்கிய ஆயரின் கதை அதில் வருவதை வாசகர்கள் அறிவர். ஏழை வேறு, ஏழு வேறு என்று சபை மறுத்தது. "பட்டியலில்கூட ஏழைக்கு இடமில்லையா?" என்று மாமா கேட்டார். எல்லாரும் சிரித்தோம்; முதலில் சிரித்தவர் பெரியவர். பக்கத்து வீட்டு ஆசிரியை 'ஏழாவது மனிதன்' (1982) என்று நினைவூட்டினார். பாரதியார் பாடல்களுக்காகவே அவர் அப்படத்தை நினைவில் வைத்திருந்தார்.

எட்டுக்கு இளைஞன் ஒருவன் 'எட்டுப்பட்டி ராசா' (1997) என்றான். ஒன்பதில் வழக்கு எழுந்தது. அத்தை, சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் நடித்த 'நவராத்திரி' (1964) என்றார். 'நவ' என்பது தமிழ் எண்ணாகுமா என்று இளையவர்கள் வாதிட்டுத் தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு' (2007) படத்தை முன்வைத்தனர். பண்ருட்டி மண்ணின் கதை. எங்கள் மாவட்டத்துப் படம். இரண்டையும் எழுதிக்கொள்வது என்று தீர்ப்பாயிற்று. பத்துக்கு 'பத்து மாத பந்தம்' (1974) வந்து பட்டியல் நிறைந்தது. அண்ணன் மகள் உரக்கப் படித்தாள். கூடத்தில் எவரும் தனியாக அந்தப் பத்தையும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் ஊருக்கு இத்தகைய தேடல் புதிதன்று. வீராணம் ஏரிக்கு அருகிலுள்ள இவ்வூர், நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். யாத்திரிகர் சிலர் இங்கே வந்து பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு அவர் உருகினார் என்பது வைணவ மரபு. ஆயிரம் பாடல்களுள் இவை ஒரு பத்து என்ற குறிப்பு இறுதியில் வந்தது. மற்றவை எங்கே என்று கேட்டார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் குருகூர் வரை சென்று, அங்கிருந்த பராங்குசதாசரிடம் கேட்டு, அவர் காட்டிய வழியில் நாலாயிரத்தையும் பெற்றார் என்பர். பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், மருமக்கள் இருவருக்கும் இசையோடு கற்பித்தார். கையிலிருப்பது பத்துதான் என்று உணர்ந்ததும், மற்றவரிடம் போய்க் கேட்டதுமே அந்தத் தொகுப்பின் தொடக்கம். விளையாட்டையும் திருநூலையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. கேட்பதன் அருமை இரண்டிலும் ஒன்றே என்கிறேன்.

சில நாள்களில் மின்சாரம் வந்தது, தொலைக்காட்சி பேசத் தொடங்கியது, வட்டம் கலைந்தது. ஒரு விளையாட்டு எங்கள் தெருவை மாற்றிவிட்டது என்று சொல்லமாட்டேன். தெரு பெரும்பாலும் பழைய தெருவாகவே இருந்தது. ஆயினும் அத்தை தம் இறுதிக் காலம் வரை அந்தப் பெரியவரை "வாங்க" என்றே அழைத்தார். அவருக்கு வேறெந்தச் சிறப்பும் புதிதாக வந்துவிடவில்லை. நம்மிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது என்பதை ஓர் இரவில் எல்லாரும் கண்டுகொண்டோம். பள்ளித் தேர்வோ, வேலைக்கான நேர்காணலோ, ஊர்க் கூட்டமோ அவரிடம் அதைக் கேட்டதில்லை.

இன்று அந்தப் பத்துப் பெயர்களையும் கைப்பேசி ஒரு நொடியில் தந்துவிடும். நமக்குத் தெரியாத இருபதையும் சேர்த்துத் தரும். அதில் பிழையில்லை, பயனும் உண்டு. ஆனால் விடை உள்ளங்கையில் இருக்கும்போது வேறொருவரைக் கேட்கும் தேவை குறைந்துவிடுகிறது. கேட்கப்படாத மனிதர் தமக்குத் தெரிந்ததைத் தாமே முன்வந்து சொல்வது அரிது. அவரோடு அவருடைய சுவர்களும் போய்விடுகின்றன.

எனவே அன்புக்குரிய வாசகர்களே, அடுத்த முறை உறவினர் கூடும்போது கைப்பேசிகளைச் சற்றுநேரம் அப்பால் வைத்து, ஒரு தலைப்பைச் சொல்லிப் பாருங்கள். வட்டத்துக்கு வெளியே யாராவது அமர்ந்திருந்தால், முறை அவரிடமும் போகட்டும்.