பாட்டிலுக்குள் எல்லாம் கறுப்புதான்

கல்லூரியில் சேர்ந்திருக்கும் அக்கா மகளுக்கு நல்ல கறுப்பு நெயில் பாலிஷ் வேண்டுமாம். சென்னை பாண்டி பஜாரில் பெரிய ஃபேன்சி ஸ்டோர் ஒன்றுக்கு அவளை அழைத்துப் போனேன். சிவப்புக்கும் ரோஸுக்கும் சுவர் நிறைய அடுக்குகள், கறுப்புக்கு ஒரே ஒரு தட்டு. ஆனால் அந்தத் தட்டிலேயே பல கம்பெனிகள். ஐம்பது ரூபாய்க்கும் இருந்தது, ஐந்நூறுக்கும் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு.

“கல்யாண சீசன்ல இதை யாரும் கேக்க மாட்டாங்க மேடம். காலேஜ் திறந்தா தட்டு காலி” என்றார் கடையில் நெடுநாளாக வேலை பார்க்கும் பெண். எதை எடுப்பது என்று கேட்டேன். விலையைச் சொல்லாமல் ஒரு பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அடியில் கெட்டியாக ஒரு படிவு. கவிழ்த்த பிறகும் அது இறங்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவங்களில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்துத்தான் நெயில் பாலிஷ் செய்கிறார்கள். திரவம் பறந்ததும் நைட்ரோசெல்லுலோஸ் மெல்லிய படலமாக நகத்தில் நிற்கும். நிறம் தரும் துகள்கள் அதில் கரைவதில்லை, மிதக்கின்றன. நாளாக ஆக அவை கொஞ்சம் அடியில் தங்குவது இயல்பு. பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் மறுபடி கலந்துவிட வேண்டும். கலக்காவிட்டால் அதை வாங்கக் கூடாது. வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழி சேர்ந்து, பூசிய நகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று அந்தப் பெண் எச்சரித்தார்.

அடுத்து டெஸ்டர். வெள்ளைத் தாளில் செலோ டேப்பை ஒட்டி, அதன்மேல் நான்கு பாட்டில்களிலிருந்து ஒவ்வொரு கோடு இழுத்தார். முதல் கோட்டிலேயே நான்கும் தனித்தனியாகிவிட்டன. ஒன்று தண்ணீராக ஓடி, அடியிலிருந்த வெள்ளையைக் காட்டியது. இன்னொன்று கெட்டியாகி, பிரஷ் போன தடம் வரிவரியாக நின்றது. மூன்றாவது முழுசாக மூடினாலும் காய்ந்ததும் சாம்பல் பூத்தது. நான்காவது மட்டும் தானாகப் பரவிச் சமமானது. வெளிர் நிறங்களில் இந்தக் குறைகள் அவ்வளவாகக் கண்ணில் படாது. கறுப்பில் ஒரு திட்டு இருந்தாலும் தெரியும். அதனால்தான் கறுப்பை வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

டியூப் லைட் வெளிச்சத்தில் நிறத்தை நம்ப முடியாது. பாண்டி பஜாரில் 2019இல் அகலப்படுத்திய நடைபாதையில் நல்ல வெயில் இருந்தது. தாளை அங்கே கொண்டுபோய்ப் பார்த்தோம். தண்ணீராக ஓடியதன் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்த்தது. நான்காவது, ஓரம் வரை கறுப்பாகவே இருந்தது. பூச்சு மெலிந்திருக்கும் ஓரத்தில்தான் உண்மையான நிறம் தெரியும்.

திரும்பி வந்து லேபிளைப் படித்தோம். நிறமியின் குறியீட்டு எண் சி.ஐ. 77499 என்றிருந்தால் கறுப்பு இரும்பு ஆக்சைடு. 77266 என்றால் கார்பன் கறுப்பு. கொஞ்சமாகச் சேர்த்தாலே ஆழ்ந்த கறுப்பைத் தருவது இரண்டாவது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் மூன்றும் இல்லாததை ‘த்ரீ ஃப்ரீ’ என்பார்கள். அட்டையில் ‘டென் ஃப்ரீ’ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பட்டியலைப் படித்துவிடுவதே நல்லது. அந்தப் பத்து எவை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நான்காவது பாட்டிலையே எடுத்தோம். விலையில் அது நடுவாந்தரம். கூடவே ஒரு பேஸ் கோட்டும் வாங்கச் சொன்னேன். அது இல்லாமல் அடர்நிறத்தை நேராகப் பூசினால் நகத்தில் கறை ஏறலாம். கெட்டியாக ஒரு கோட்டுக்குப் பதில் மெல்லிய இரண்டு கோட், நடுவே நன்றாகக் காய விடுவது, நகத்தின் முனையையும் சேர்த்து மூடுவது: இவ்வளவு செய்தாலே சீக்கிரம் உரியாது.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர், ஒளியை நகத்தின் வழியே ஊடுருவ விட்டுத்தான் கணக்கிடுகிறது. கறுப்பு, நீலம் போன்ற அடர்நிறப் பூச்சு அந்த அளவைப் பிசகச் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஒரு விரலையாவது சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

கறுப்பு ஆகாது என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அதே வீடுகளில்தான் குழந்தைக்குக் கண்ணேறு படாமல் கறுப்புப் பொட்டு வைக்கிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம். பெண்பிள்ளை நகத்தில் கறுப்பைக் கேட்டால் தடுக்க வேண்டியதில்லை. நல்ல கறுப்பைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். கவிழ்த்துப் பார், வெள்ளையில் இழுத்துப் பார், வெயிலில் ஓரத்தைப் பார், லேபிளைப் படி. விலையைக் கடைசியாகப் பார்.